கொடுக்காதவருக்குத்தான் மலிவான கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். அந்தத் தேக்கத்தால் நஷ்டப்படுகிறவர்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். லாபம் அடைகிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். சரக்கை வாங்கி விற்றுக் காசாக்கிவிட்டு, விற்றவருக்குப் பணம் தராமல் "கோர்ட்டில் பார்த்துக்கொள்" என்கிறவர்கள்தான் அவர்கள். அவர்களுக்கு அந்தத் தைரியத்தைத் தருவது வழக்கு இழுத்தடிக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அல்ல. தோற்றாலும் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் வரும் வட்டியும், ஜெயித்தவரின் வழக்குச் செலவுக்காகத் தர வேண்டிய செலவுத் தொகையும் தங்களைப் பெரிதாகப் பாதிக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நான் மதுரை சிந்தாமணியில் அப்பளத் தொழில் செய்கிறவள். உலக்கையும் நாலு பாயும் வைத்து என் மாமியார் தொடங்கியது. இப்போது மாவு பிசைய இயந்திரம் வந்துவிட்டது. காயப்போடுவதும் அடுக்கிக் கட்டுவதும் இன்னும் பெண்களின் கைகள்தான். அனுப்பானடி, வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம் பக்கத்திலும் இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. இதில் முதல் எப்படிச் சுழல்கிறது என்பதைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். உளுந்தும் எண்ணெயும் கீழமாசி வீதியிலிருந்து வருகின்றன. அங்கே தரும் கடனுக்கு நாள் கணக்கு உண்டு. தவணை தவறினால் அடுத்த மூட்டை வராது. வேலை செய்யும் பெண்களுக்குச் சனிக்கிழமை மாலை கூலி கொடுத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் காயப்போட வழியில்லை என்பதால், வெயில் இருக்கும்போதே போட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். ஆக, பணம் எல்லாம் முன்கூட்டியே கையை விட்டுப் போய்விடுகிறது. மொத்த வியாபாரி பில்லுக்குப் பணம் அனுப்பும்போதுதான் அது திரும்பி வருகிறது.

வெளிமாவட்டத்து மொத்த வியாபாரி ஒருவர் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களிடம் தொடர்ந்து சரக்கு எடுத்தார். முப்பது நாள் தவணை. மார்ச் மாத முடிவில் அவர் தர வேண்டியது 2,40,000 ரூபாய். தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன் அக்கா" என்றார். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். 2019 பிப்ரவரியில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்கு வந்த பதிலில்தான், அப்பளம் நமுத்துப் போயிருந்தது, பாதி உடைசல் என்ற கதை முதல் முறையாக வந்தது. ஒரு வருடமாக அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு கட்டைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. 2019 ஜூன் மாதம் மதுரையில் ஒரு சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம்.

முதலில் அவர் ஆஜராகவில்லை. ஒருதலைப்பட்சமாக எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. உடனே ஓடிவந்து அதை ரத்து செய்யக் கேட்டார். ஆயிரம் ரூபாய் செலவுத் தொகை கட்டச் சொல்லி அந்த மனு ஏற்கப்பட்டது. கொரோனா வந்தது, நீதிமன்றம் மூடியது. அதை யார் மீதும் குற்றமாகச் சொல்ல முடியாது. திறந்த பிறகு வந்த வாய்தாக்களுக்குக் கொரோனா காரணம் அல்ல. எதிருரைக்கு ஒரு வாய்தா, ஆவணத்துக்கு ஒரு வாய்தா, அவர் தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாய்தா. கடைசியில் குறுக்கு விசாரணையில், வாங்கிய சரக்கு முழுவதையும் தான் விற்றுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். 2024 ஜூனில் தீர்ப்பு. நாங்கள் ஜெயித்தோம்.

நகல் வாங்கி வந்து கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அசல் 2,40,000 ரூபாய். வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து வசூலாகும் நாள் வரை ஆண்டுக்கு 6 சதவீத சாதாரண வட்டி. அத்துடன் விகிதாசாரச் செலவுத் தொகை. வழக்குக்கு முந்தைய பதினான்கு மாதங்களுக்கு வட்டியே இல்லை. எங்கள் பில்லின் அடியில் 'தவணை தவறினால் 18 சதவீத வட்டி' என்று அச்சிட்டிருக்கிறோம். வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளவில்லை, எனவே அது ஒப்பந்தம் ஆகாது என்றது தீர்ப்பு. அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அச்சடித்த வரியை வைத்து யாரும் யாரையும் கட்டிப்போடக் கூடாது என்பது நியாயம்தான். என் கேள்வி அதற்கு அடுத்தது. ஒப்பந்த வட்டி இல்லை என்றால், ஆறு எங்கிருந்து வந்தது?

நான் பி.காம். படித்தவள். வீட்டில் அன்று இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,40,000 ரூபாய்க்கு ஆறு சதவீதம் என்றால் ஐந்து ஆண்டுக்கு 72,000 ரூபாய். அந்தப் பணம் வராத குறைக்கு நான் வங்கியில் வைத்திருக்கும் கடன் கணக்கிலிருந்து எடுத்துத்தான் உளுந்து வாங்கினேன், கூலி கொடுத்தேன். அந்தக் கணக்குக்கு வட்டி 11.5 சதவீதம், மாதாமாதம் வட்டிக்கு வட்டி ஏறும். ஐந்து ஆண்டில் அதே தொகைக்கு என் தலையில் ஏறிய வட்டி 1,85,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஜெயித்த எனக்கு வட்டியில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. அவர் பக்கத்தைப் பாருங்கள். 2023, 2024ஆம் ஆண்டுகளில் வங்கியில் வைப்புத்தொகை போட்டவர்களுக்கே ஏழு சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது. எனக்குத் தர வேண்டிய பணத்தை அவர் அப்படியே வங்கியில் போட்டுவிட்டு, தீர்ப்பு வந்த அன்று வட்டியோடு எனக்குக் கொடுத்திருந்தால்கூட அந்த ஆண்டுகளுக்குக் கையில் மிச்சம் நின்றிருக்கும். ஈடு இல்லாமல், ஜாமீன் இல்லாமல், மாதத் தவணை இல்லாமல் ஆறு சதவீதத்துக்கு மதுரையில் எந்த வங்கி அவருக்குக் கடன் கொடுத்திருக்கும்?

தீர்ப்பு எழுதிய நீதிபதி மீது எனக்குக் கோபம் இல்லை. ஆவணங்களைப் பொறுமையாகப் படித்து, பொய்யைப் பொய் என்று எழுதினார். ஆனால் அந்த ஆறு சட்டம் கட்டாயப்படுத்தும் எண் அல்ல என்பதைத் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வக்கீலையும் அவருடைய குமாஸ்தா அண்ணனையும் விடாமல் கேட்டு, சட்டப் புத்தகத்தை வாங்கி வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 34ஆம் பிரிவு. பணம் கேட்கும் வழக்கில் வட்டி தருவது இந்தப் பிரிவின்படிதான். வழக்குப் போட்ட நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரையிலான காலத்துக்கு, நீதிமன்றம் நியாயம் என்று கருதும் எந்த விகிதத்தையும் தரலாம் என்கிறது அது. அந்தக் காலத்துக்கு ஆறு என்ற உச்சவரம்பே கிடையாது. ஆறு சதவீத வரம்பு தீர்ப்புக்குப் பிறகான காலத்துக்கு மட்டும்தான்; அதுவும் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. இருபது ஆண்டு கழித்து, இந்த வரம்பு வியாபாரக் கடனுக்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றமே உணர்ந்து, 1976இல் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. கடன் வணிக நடவடிக்கையில் ஏற்பட்டது என்றால் தீர்ப்புக்குப் பிறகும் ஆறுக்கு மேல் தரலாம். ஒப்பந்தத்தில் சொன்ன விகிதம் வரை போகலாம். ஒப்பந்த விகிதம் இல்லை என்றால், தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் வியாபாரத்துக்குக் கடன் கொடுக்கும் விகிதம் வரை போகலாம். எனக்குப் பொருந்த வேண்டியது இந்தக் கடைசி வரி. நான் 18 கேட்கவில்லை; நான் வங்கிக்குக் கட்டியதைத்தான் கேட்கிறேன். அதைத் தரச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

வழக்குக்கு முந்தைய காலத்துக்கும் வழி இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து வட்டி கேட்டிருந்தால் அந்த நாளிலிருந்தே வட்டி தரலாம் என்கிறது. அதைவிடப் பழையது, சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 61ஆம் பிரிவு, சரக்கின் விலை கேட்டு விற்றவர் போடும் வழக்கில், விலை கொடுக்க வேண்டிய நாளிலிருந்தே தக்க வட்டி தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பில்லில் வட்டி பற்றி அச்சிட்டிருந்ததா, கையெழுத்து இருந்ததா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே விற்கிறவனின் கஷ்டம் தெரிந்து எழுதிய பிரிவு. எத்தனை பிராதுகளில், அதாவது வழக்கு மனுக்களில், இந்தப் பிரிவு எடுத்துச் சொல்லப்படுகிறது என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வியாபாரி எனக்கு ஒரு புரோநோட்டு எழுதிக் கொடுத்து, அதில் வட்டி எவ்வளவு என்று எழுதாமலே விட்டிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி 18 சதவீதம். அங்கும் 1988 வரை ஆறுதான் இருந்தது. காலத்துக்கு ஒவ்வாது என்று திருத்தினார்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்த கடனுக்கு 18. பில், லாரி ரசீது, கணக்குப் பேரேடு எல்லாம் வைத்து நிரூபித்த சரக்குக் கடனுக்கு 6. இது எப்படி நியாயம் ஆகும்?

செலவுத் தொகைக்கு வருகிறேன். மதுரையில் சிறு தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

வட்டியோடு சேர்த்து நாங்கள் கேட்டது 2,90,400 ரூபாய். அதற்கு மூன்று சதவீதம் நீதிமன்றக் கட்டணம், 8,712 ரூபாய். 2017க்கு முன்னால் இது 7.5 சதவீதமாக இருந்தது. தமிழக அரசு குறைத்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கோரியதில் ஒரு பகுதி கிடைக்காததால் கட்டணத்திலும் அந்த விகிதத்துக்கு வெட்டு. வக்கீல் கட்டணம் என்று செலவுப் பட்டியலில் ஏறியது, நான் உண்மையில் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த எங்கள் லோடுமேன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். என் கைப்பணம் கொடுத்தேன். பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

பொய்யான எதிர்வாதம் செய்ததற்கு? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு, பொய் என்று தெரிந்தே வழக்கோ எதிர்வாதமோ செய்தால் ஈட்டுச் செலவுத் தொகை விதிக்கலாம் என்கிறது. உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976இல் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ஆக்கினார்கள், அதோடு சரி. நமுத்த அப்பளம் என்று ஐந்து ஆண்டு பொய் சொன்னதற்குச் சட்டம் அதிகபட்சமாக விதிக்கக்கூடிய விலை, இன்றைக்கு ஒரு உளுந்து மூட்டைக்குக்கூடப் போதாது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஜெயித்தவருக்கு உண்மையாக ஆன நியாயமான செலவு கிடைக்க வேண்டும், அவர் செலவழித்த நேரமும் போக்குவரத்தும் தங்கும் செலவும் அதில் சேர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2011இல் இன்னொரு தீர்ப்பில் அந்த 3,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும் என்று சொன்னது. 2012இல் சட்ட ஆணையம் சிவில் வழக்குச் செலவுகளுக்கென்றே தனி அறிக்கை, 240ஆவது அறிக்கை, கொடுத்தது. பலன்?

பலன் வந்தது, ஆனால் எங்களுக்கு வரவில்லை. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் செலவுத் தொகைப் பிரிவைப் புதிதாக எழுதியது. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைத் தர வேண்டும் என்பதே பொது விதி. தர வேண்டாம் என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். வக்கீல் கட்டணம், சாட்சிச் செலவு எல்லாம் சேரும். நியாயமான சமரசத்தை மறுத்தாரா, வீண் வாதம் செய்தாரா என்பதைப் பார்க்க வேண்டும். மூவாயிரம் ரூபாய் வரம்பும் அங்கே நீக்கப்பட்டது. படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவும் வழக்கின் மதிப்பு, வட்டியும் சேர்த்து, மூன்று லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான். முதலில் ஒரு கோடி என்று இருந்ததை 2018இல் மூன்று லட்சமாகக் குறைத்தார்கள். என் வழக்கு 2,90,400 ரூபாய். இன்னும் 9,600 ரூபாய் கூடுதலாக எனக்குப் பாக்கி இருந்திருந்தால், இந்த நாட்டின் சட்டம் எனக்கு வேறாக இருந்திருக்கும்.

பெரிய கம்பெனிக்கு வக்கீல் கட்டணம் ஒரு பொருட்டில்லை. இரண்டு லட்சம் பாக்கிக்காக வழக்குப் போடுகிறவருக்குத்தான் ஒவ்வொரு ரூபாய் செலவும் பாக்கியையே தின்கிறது. அவருக்குத்தான் முழுச் செலவும் திரும்பக் கிடைக்க வேண்டும். சட்டம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. பாத்திரப் பட்டறைக்காரர், அச்சகக்காரர், தையல் கூடம் நடத்துகிறவர், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறவர் என்று மதுரையில் இருக்கும் சிறு தொழில்காரர்களின் பாக்கிகள் பெரும்பாலும் இந்த மூன்று லட்சத்துக்குக் கீழேதான். நாடாளுமன்றத்தில் மதுரைக்காகப் பேசுகிறவர்கள் ஒரு திருத்தத்துக்குக் குரல் கொடுத்தால் போதும். புதிய செலவுத் தொகை விதி எல்லா வியாபாரக் கடன் வழக்குக்கும், மதிப்பு பார்க்காமல், பொருந்த வேண்டும்.

"உத்யம் பதிவு செய்து சிறுதொழில் மன்றத்துக்குப் போயிருக்கலாமே" என்று பலர் கேட்கிறார்கள். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு; அந்த மன்றம் சிறு தொழில்களுக்கு வராத பாக்கியை விசாரிக்கும் அமைப்பு. உண்மைதான், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அருமையான சட்டம். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை அந்த விகிதம் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். மன்றத்தின் முடிவை எதிர்த்துப் போக வேண்டும் என்றால் வாங்கியவர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். மதுரையிலேயே மண்டல மன்றம் இருக்கிறது. ஆனால் நாங்கள் சரக்கு அனுப்பிய 2018இல் எங்கள் தெருவில் சிறுதொழிலாகப் பதிவு செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதிவுக்கு முந்தைய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, பதிவு இருந்தாலும், தாமதத் தொகைக்கான இந்தப் பலன் கிடையாது. ஆகையால் சாதாரண சிவில் நீதிமன்றம்தான் இன்றும் பெரும்பாலானவர்களுக்கு வழி. அப்பளம் போடும் சகோதரிகள் எல்லாரும் உடனே உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை; இதைத் தங்கள் நாளிதழ் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும்.

வட்டியை உயர்த்தச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். கந்துவட்டியால் குடும்பம் குடும்பமாக அழிந்ததைப் பார்த்த ஊர் இது. அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003இல் தமிழகம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. என்னிடம் வேலை செய்யும் பெண்களில் ஒருவர், கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வாரவட்டி கட்டிக் கட்டியே தாலிக்கொடியை இழந்தவர். அவர் மீது பணம் கொடுத்தவர் வழக்குப் போட்டு, நீதிமன்றம் ஆறு சதவீதத்துக்கு மேல் தர மறுத்தால், அந்த நீதிபதியைக் கையெடுத்துக் கும்பிடுவேன். சட்டம் இந்த வித்தியாசத்தை அறிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. முன்பு சொன்ன உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் விளக்கத்திலேயே, கடன்பட்டவரின் தொழில், வர்த்தகம், வியாபாரத்தோடு தொடர்புடையதுதான் வணிக நடவடிக்கை என்று இருக்கிறது. வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் வாங்கிய கடன் அதில் வராது. சரக்கு வாங்கி லாபத்துக்கு விற்ற மொத்த வியாபாரி வருவார். இருவருக்கும் ஒரே ஆறு சதவீதத்தைப் போடுவது ஏழைக்கு இரக்கம் அல்ல. ஏழைக்கு எழுதிய பாதுகாப்பைப் பணக்காரர் அனுபவிக்கிறார், அதற்கான விலையை என்னிடம் சனிக்கிழமைக் கூலி வாங்கும் பெண்கள் கொடுக்கிறார்கள். பாக்கி வராத அந்த ஆண்டில் கூலியை உயர்த்தித் தருவதாகச் சொல்லியிருந்தேன், உயர்த்த முடியவில்லை.

மக்கள் நீதிமன்றத்திலும் இதே கதைதான். சமரசம் ஆனால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது, நல்லதுதான். ஆனால் உட்கார்ந்தவுடன் சொல்லும் முதல் வார்த்தை, "வட்டியை விட்டுவிடுங்கள் அம்மா, அசலை வாங்கிக்கொள்ளுங்கள்." எதிர்த்தரப்பிடம் "வங்கி வட்டியாவது கொடுங்கள்" என்று யாரும் தொடங்குவதில்லை. தீர்ப்பில் கிடைக்கப்போவது ஆறுதான் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்போது அவர் எதற்கு இறங்கி வருவார்? தீர்ப்பில் வங்கி வட்டியும் முழுச் செலவும் வரும் என்ற பயம் இருந்தால், பாதி வழக்குகள் நோட்டீஸ் போன மாதமே முடிந்துவிடும். தேக்கத்தைக் குறைக்க வழி கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நீதிபதிகளிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வியாபாரக் கடன் என்று தீர்மானித்த பிறகும் ஆறு சதவீதம் என்று எழுதினால், ஏன் வங்கிகள் கடன் கொடுக்கும் விகிதம் இல்லை என்பதற்கு இரண்டு வரி காரணம் எழுதுங்கள். காரணம் எழுத உட்கார்ந்தாலே பல தீர்ப்புகளில் எண் மாறிவிடும்.

வக்கீல்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். பிராதில் '18 சதவீதமோ நீதிமன்றம் உகந்ததாகக் கருதும் விகிதமோ' என்று எழுதிவிட்டு விடாதீர்கள். கட்சிக்காரரின் வங்கிக் கடன் கணக்கு அறிக்கையைச் சான்றாவணமாகக் குறியுங்கள். வங்கி எந்த விகிதத்தில் கடன் கொடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் நீதிபதி தன் மனதிலிருந்து எடுத்து எழுத முடியாது. தீர்ப்பு வந்ததும் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிறகான வட்டியைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், அது மறுக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. அதற்காகத் தனி வழக்கும் போட முடியாது. அந்த ஒரு வரி விடுபட்டதால் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மேல்முறையீடு செய்யலாமே என்றார்கள். வட்டி வித்தியாசத்துக்காக மறுபடியும் கட்டணம், மறுபடியும் வக்கீல், மறுபடியும் ஆண்டுகள். அதற்குள் அந்த வியாபாரியின் கடை அவர் மனைவி பெயருக்கு மாறிவிட்டது என்று கேள்விப்பட்டோம். ஆகவே கிடைத்த தீர்ப்பை வைத்து, பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டிருக்கிறோம். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எங்கள் மனுவுக்கு அந்த ஆறு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. நாளுக்கு நாள் ஆறு சதவீதம் ஏறிக்கொண்டிருக்கிறது, என் வங்கிக் கணக்கில் பதினொன்றரை ஏறிக்கொண்டிருக்கிறது.

மனு நிலுவையில் இருப்பதால் என் பெயரையும் எதிர்த்தரப்பின் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதே போலத் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் நஷ்டப்பட்டவர்கள் மதுரையிலும் விருதுநகரிலும் திண்டுக்கல்லிலும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் தங்கள் பில் தொகையையும் தீர்ப்பில் கிடைத்த வட்டியையும் வங்கிக்குக் கட்டிய வட்டியையும் தங்கள் நாளிதழுக்கு எழுதினால், அந்த எண்களை அருகருகே வைத்து வெளியிடுங்கள். என் எண்களை மேலே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பளத் தயாரிப்பாளர், வாசகி,
சிந்தாமணி, மதுரை.